எட்டுச் சொல்லில் ஒரு சதுரம்

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. உலகத்தில் எதுவாக இருந்தாலும் சரி, அதன் வரையறை எட்டுச் சொல்லைத் தாண்டக் கூடாது.

செய்வது என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கணக்குப் பெட்டிகள்தான். ஒட்டுப்பலகையில் அறுத்த சதுரம், முக்கோணம், வட்டம். கட்டையில் செதுக்கிய கனசதுரம், கூம்பு. எண்ணிப் பழக மர வில்லைகள். வளைத்துப் பார்க்க மெல்லிய கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் ஓர் அறை, அறைக்கு ஒரு மூடி, மூடியில் ஓர் அட்டை, அட்டையில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் எட்டுச் சொல்தான் அடங்கும் என்று என்றைக்கோ ஓர் அச்சுக்காரர் சொன்னார். அவரும் போய்ச் சேர்ந்தார், அவருடைய இயந்திரமும் பழைய இரும்புக்குப் போனது. சட்டம் மட்டும் அசையாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அதைக் கட்டிக் காத்தவர் முதலாளியம்மாவின் சித்தப்பா. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, ஆசிரியர்களை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டு ஓய்வு பெற்றவர். நேரில் ஐயா, முதுகுக்குப் பின்னால் எட்டுச்சொல். வரையறை எழுதுவது அவர் பொறுப்பு. எழுதுவார், விரல் விட்டு எண்ணுவார், ஒன்பது வந்தால் ஒன்றைப் பிடுங்கி எறிவார். எதைப் பிடுங்கினால் எது சரியும் என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. போன வருஷம் அட்டையிலிருந்த படங்களையும் தூக்கிவிட்டார். "படம் எதுக்கு? வரையறையைப் படிச்சா பொருள் கண்ணு முன்னாடி வந்து நிக்கணும்" என்றார். நின்றதா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் எழுதியதைச் சரிபார்க்க ஒருத்தியை வேலைக்கு எடுத்திருந்தார்கள். கணக்கில் முதுகலை படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. பட்டறையில் அவளுக்குப் பெயர் டிகிரி. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 'டிகிரி, அந்தப் பசை டப்பாவை இங்க தள்ளு' என்ற தொனியில் வைத்த பெயர். ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த வாரத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை பள்ளிக் குழுமத்திலிருந்து மாதிரிப் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். பெட்டி தேறினால் அவள் நிரந்தரம். ஆனால் அதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள தாளில் 'சரிபார்த்தேன்' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் கை வரவில்லை.

"ஐயா, ஆறு அட்டை தப்பா இருக்கு" என்று திங்கட்கிழமை காலையிலேயே போய் நின்றாள்.

ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அச்சுப்பிழையா?"

"இல்லங்க ஐயா, கணக்குப்பிழை. சதுரத்துக்கு 'நான்கு பக்கங்களும் சமமாக உள்ள மூடிய உருவம்'னு போட்டிருக்கீங்க. சாய்சதுரத்துக்கும் நாலு பக்கமும் சமம்தான். கோணத்தைப் பத்தியும் சொல்லணும்."

"எத்தனை சொல் இருக்கு?"

"ஆறு."

"பார்த்தியா, ரெண்டு மிச்சம் பிடிச்சிருக்கேன்."

"மிச்சம் பிடிக்க இது என்ன தொட்டித் தண்ணியா ஐயா?"

"ஏம்மா, சதுரம் எதுன்னு எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? இதைப் படிச்சுட்டு யாராச்சும் போய் சாய்சதுரத்தை எடுத்து வைப்பாங்களா?"

"தெரிஞ்ச பிள்ளைக்கு அட்டையே வேண்டாமே. தெரியாததுக்குத்தானே எழுதுறோம்?"

ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியாதது. தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தள்ளிவிடுகிற சிரிப்பு. "முதல் தலைமுறையா படிச்சு வர்றவங்களுக்கு இப்படித்தாம்மா இருக்கும். புத்தகத்துல இருக்கிறதை அப்படியே பிடிச்சுக்கிட்டு தொங்குவாங்க. நாலு தலைமுறை போனா, எதை விடலாம்னு தானா தெரியும். கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இரு."

அவளுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. நாலு தலைமுறையாம். அதுவரைக்கும் பிள்ளைகள் சாய்சதுரத்தைத் தூக்கிக்கொண்டு அலையட்டுமாக்கும். கையிலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தே பிளந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் கேட்ட கேள்வி எதிர்பார்த்ததுதான். "ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு ஆட்டமா? உன்னைப் படிக்க வைக்க வீடே முட்டிபோட்டு நின்னிருக்கு. இப்ப வந்து சதுரம் சாஞ்சிருக்குன்னு வேலையை விடுவியா?" பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போய்விட்டான்.

அண்ணி கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே பட்டறையில் கட்டுமானப் பிரிவில் வேலை. அறை அறையாகப் பொருளை நிரப்பி மூடி ஒட்டுவது. இந்த வேலை காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னவளும் அவள்தான். படித்தது எட்டாம் வகுப்பு வரை. வாய் மட்டும் முனைவர் பட்டம் வாங்கியது.

"சாய்சதுரம்னா என்னடி?"

"சதுரத்தை ஒரு மூலையில பிடிச்சுத் தள்ளினா ஒருபக்கமா சாயும்ல, அது."

அண்ணி மடித்த துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையை இழுத்துப் பார்த்தாள். "உங்க அண்ணன் நடக்கிற மாதிரி."

"அண்ணி!"

"சரி சரி. அப்ப எட்டுச்சொல் எழுதினபடி பார்த்தா சதுரத்து அறையில இதைப் போட்டுக் கட்டினாலும் தப்பில்லை."

"அதைத்தானே காலையில இருந்து கத்துறேன்."

"கத்தத்தான் செய்யிற. கத்தினா யாருக்குப் புரியும்? கையில கொடுத்தா புரியும்." அண்ணி துண்டைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள். "எங்களுக்கு உத்தரவு என்ன தெரியுமா? மூடியில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அறையில வைக்கணும். சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது. சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அண்ணன் பார்த்திருந்தால் துண்டோடு தெருவுக்கு ஓடியிருப்பான்.

செவ்வாய் முதல் மூன்று நாளும் உணவு இடைவேளையில் டிகிரி ரம்பக்காரர் மேசைக்குப் போனாள். அவர் ஒரு நாளைக்கு மொத்தமே பத்து வார்த்தை பேசுகிற மனிதர். முதல் நாள் அவள் ஒரு தாளில் வரைந்ததை நீட்டினாள். ஒரே அளவான ஆறு முக்கோண முகங்கள். முக்கோண அடியுள்ள இரண்டு கூர்க்கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியது மாதிரி ஓர் உருவம்.

"என்னது?" என்றார்.

"கனசதுரம்."

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் அது கனசதுரமாகவில்லை. அவள் அட்டையைக் காட்டினாள்: 'ஆறு முகங்களும் ஒரே அளவாக உள்ள திண்மம்.' அவர் முகங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. திரும்பவும் அட்டையைப் படித்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பதினெட்டு வருஷமாக ஒரே கனசதுரத்தை அறுத்து அறுத்துச் சலித்த கை அது. பேசாமல் ஒரு நல்ல கட்டையாகத் தேடி எடுத்தார்.

மறுநாள் அவள் கேட்காமலேயே அவர் ஒன்று செய்து வைத்திருந்தார். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரம் மழுக்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக் கொடுத்தார். "விட்டம்" என்றார். அன்றைய பத்தில் ஒன்று.

வியாழக்கிழமை மாலை அண்ணி அறைகளை நிரப்பி மூடி ஒட்டினாள். பெட்டியின் அடித்தாளில் டிகிரி நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினாள்: 'அட்டைகளில் எழுதியுள்ளவற்றுக்குப் பெட்டியில் உள்ளவை அனைத்தும் பொருந்துகின்றன. சரிபார்த்தேன்.' கீழே முழுக் கையெழுத்து. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் போகட்டும் என்பது வாய்ச்சொல்தான். அந்த வேலை அவளுக்கு வேண்டும். வீம்புக்கு இல்லை, நிஜமாகவே வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைமையாசிரியை, கண்ணாடிக்கு மேலாகவே உலகத்தைப் பார்க்கிறவர். இன்னொருவர் சட்டைப்பையில் கோணமானியோடு வந்த ஒல்லியான கணக்கு வாத்தியார். முதலாளியம்மா நாற்காலி போட்டார். ஐயா நடுவில் நின்றார்.

"எங்க பெட்டியில படம் கிடையாது. வரையறை மட்டும்தான். படிச்சா போதும், பொருள் முன்னாடி வந்து நிக்கும்" என்று ஆரம்பித்தார். "உதாரணத்துக்கு, இணைகோடுகள்: எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்காத இரு நேர்க்கோடுகள்." பெருமையோடு மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு மரக்கட்டை. அதன் மேல்பகுதியில் இடவலமாக ஒரு குச்சி துளைத்துப் போனது. கீழ்ப்பகுதியில் முன்பின்னாக இன்னொரு குச்சி. ஒன்று கிழக்கே போனால் மற்றது வடக்கே.

வாத்தியார் கட்டையைக் கையில் எடுத்து, ஒரு குச்சியைக் கண்ணால் சுவர் வரைக்கும் நீட்டினார், மற்றதை வாசல் வரைக்கும். "சந்திக்கலதான்" என்றார் மெதுவாக.

"ஏதோ தவறா வந்துடுச்சு" என்று ஐயா அடுத்த மூடியைத் திறந்தார். 'இரட்டை எண்: இரண்டு சம பங்காகப் பிரிக்க முடிகிற எண்.' உள்ளே ஏழு வில்லைகள். ஏழாவது வில்லை நடுவில் சுத்தமாக அறுக்கப்பட்டு, இந்தப் பக்கம் மூன்றரை, அந்தப் பக்கம் மூன்றரை என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். அவரே திறக்க ஆரம்பித்தார். மூலையில்லாத மூடிய வளைவு என்று எழுதிய வட்டத்துக்குள் உருளைக்கிழங்கு போலக் கோணல்மாணலாக ஒரு பலகை. ஆறு முகக் கனசதுரத்தை உருட்டிப் பார்த்தார். அது ஒரு முனையில் நின்று ஆடிவிட்டு விழுந்தது. கடைசியாக, 'வட்டத்தை இரண்டு சம பாகமாகப் பிரிக்கும் கோடு.' வட்டப் பலகை ஒன்று, நடுவில் பாம்பு நெளிந்தது மாதிரி அறுத்து, இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. தலைமையாசிரியை ஒன்றைத் திருப்பி மற்றதன்மேல் வைத்தார். அச்சு அசல்.

"எவ்வளவு அழகான விட்டம்" என்றார். அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இது சதி!" என்று ஐயா கத்தினார். "சரிபார்த்தவ யாரு? அவளைக் கூப்பிடு!"

கூப்பிட வேண்டிய அவசியமில்லை. டிகிரி கதவோரத்தில்தான் நின்றாள். முதலாளியம்மா அடித்தாளைப் படித்தார், இரண்டாம் முறை படித்தார், முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திண்டாடியது.

"பொருந்துதுன்னு எழுதியிருக்கியே, என்ன திமிர்?"

"பொருந்துது மேடம். எது பொருந்தலைன்னு ஐயாவே சொல்லட்டும்."

ஐயா சதுரத்து அறையிலிருந்த சாய்சதுரத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது சதுரமா? இது சதுரமா? பிள்ளைகூடச் சொல்லும்!"

"அட்டையைப் படிக்கிற பிள்ளை சதுரம்னுதான் சொல்லும் ஐயா. நீங்க சொல்லிக் கொடுத்ததை நம்பின பிள்ளை."

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார். "சரிம்மா. குறை சொல்றவங்க எனக்கு நிறைய உண்டு. எட்டுச் சொல்லுக்குள்ள நீ சதுரத்தைச் சொல்லு பார்ப்போம்."

இந்த நேரத்துக்காகத்தானே ஆறு மாதமாகக் காத்திருந்தாள். தொண்டையைக் கூடச் செருமவில்லை. "நான்கு பக்கங்களும் சமமான, நான்கு கோணங்களும் சமமான உருவம்."

வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். "ஏழு." தலையாட்டினார். முதலாளியம்மாவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. டிகிரி ஐயாவைப் பார்த்தாள். பார்த்தாயா நாலு தலைமுறை என்று கண்ணாலேயே கேட்டாள்.

"நில்லு நில்லு" என்று பின்னால் ஒரு குரல்.

அண்ணி. வேடிக்கை பார்க்க வந்தவள், கையில் சதுரமாக வளைத்து முடிந்த கம்பி ஒன்றை வைத்து நோண்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஓட்டை கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அவளுக்கு ருசி பழகியிருந்தது. நாத்தனார் என்றெல்லாம் விட்டுவைக்கிற ருசி இல்லை அது. கம்பியின் எதிரெதிர் மூலை இரண்டை மேலே தூக்கினாள், மற்ற இரண்டைக் கீழே அமுக்கினாள், அப்படியும் இப்படியும் நெருக்கி மேசைமேல் வைத்தாள். காற்றில் பறக்கப்போகிற மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது அது.

"நாலு பக்கமும் சமம். நாலு மூலையும் ஒரே மாதிரிதான் மடங்கியிருக்கு. இது சதுரமாடி?"

வாத்தியார் கோணமானியை எடுத்தார். ஒவ்வொரு மூலையாக வைத்தார். "எழுபது. எழுபது. எழுபது... இதுவும் எழுபதுதாங்க."

டிகிரிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. தட்டையாக, ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. அது யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டாள். யாருக்குத்தான் தெரியாது! அவள் வாயில் ஐயாவின் வாக்கியம்.

"ஹா!" என்றார் ஐயா. அந்த ஓர் எழுத்துக்குள் முப்பது வருஷ உத்தியோகம் இருந்தது.

டிகிரிக்கு அண்ணியைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. கம்பியைப் பார்த்தாள். இல்லை, அது பொருந்துகிறது. சுத்தமாகப் பொருந்துகிறது.

"தப்புதான்" என்றாள். "சமதளத்துலன்னு ஒரு சொல் விட்டுப்போச்சு. சேர்த்தா எட்டு. என் அட்டையிலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைமையாசிரியை எழுந்தார். "இந்தப் பெட்டியை நான் எடுத்துக்க முடியாது. ஒரு மாசம் கழிச்சு வர்றேன். எழுதுறது இந்தப் பொண்ணு, உடைக்கிறது அந்தப் பொண்ணுன்னு இருந்தா வர்றேன். இல்லைன்னா தொந்தரவு பண்ண மாட்டேன்." பிறகு அந்த ஆறு முகக் கட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இதை என் ஆசிரியர்களுக்குக் காட்டணும்."

முதலாளியம்மா வியாபாரி. சித்தப்பாவின் கோபம் வீட்டில் தீரும், வந்தவர் போனால் திரும்ப மாட்டார் என்று அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. "அடுத்த மாசத்துக்கு எல்லாம் தயாரா இருக்கும் மேடம்" என்றார். டிகிரியிடம் திரும்பி, "இன்னும் ஒரு மாசம் தற்காலிகமா..."

"முடியாது மேடம்."

"என்ன முடியாது?"

"தற்காலிகமா முடியாது. ஆறு மாசம் முடிஞ்சுது."

வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லை. கைப்பையை மூடுவதற்குத் தலைமையாசிரியை அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டார். முதலாளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியிலிருந்து நியமன உத்தரவை எடுத்து மேசைமேல் போட்டார். "இந்தா. படிச்சுட்டுப் போடு."

படித்துவிட்டுப் போடு என்று அவளிடம் சொன்னது முதலாளியம்மாவின் தவறு. அவள் நிஜமாகவே படித்தாள்.

"மேடம், முதல் பக்கத்துல 'நிரந்தரப் பணியாளர் என்பவர் தற்காலிகப் பணியாளர் அல்லாதவர்'னு இருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"ரெண்டாம் பக்கத்துல 'தற்காலிகப் பணியாளர் என்பவர் நிரந்தரப் பணியாளர் அல்லாதவர்'னு இருக்கு. ரெண்டும் ஒன்னையொன்னு கைகாட்டிட்டு நிக்குது. இதுல நான் யாரு?"

வாத்தியார் இருமினார். ஐயா ஜன்னல் வழியாக வெளியே எதையோ தீவிரமாகக் கவனித்தார். அதை எழுதியவரும் அவர்தான்.

"எழவு, போடுடி கையெழுத்தை!" என்று அண்ணி பல்லிடுக்கில் சீறினாள்.

"ஐயோ சாமி" என்றார் முதலாளியம்மா. "நீயே எழுதும்மா. உனக்கு எது திருப்தியோ அதை எழுது. சின்னதா எழுது."

அவள் இரண்டு வரியையும் அடித்துவிட்டு மேலே எழுதினாள்: 'இப்பட்டறையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரப் பணியாளர்.' முதலாளியம்மா படித்தார். ஆறு மாதம், சரிதான். கையெழுத்திட்டார், முத்திரை குத்தினார். டிகிரியும் போட்டாள்.

அண்ணி அவள் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். பழக்கதோஷம், ஓட்டை தேடித்தான் படித்தாள். படித்தவள் அந்த வரிமேல் விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஏண்டி" என்றாள் கடைசியில். "இதுல டிகிரி வேணும்னு எங்கயும் இல்லையே?"

"இல்ல."

"ஆபீஸ்ல உக்கார்ந்திருக்கணும்னு?"

"அதுவும் இல்ல."

"நான் ஒன்பது வருஷமா தற்காலிகம்."

டிகிரி தாளைப் பார்த்தாள். தன் ஒருத்தியை நினைத்துத்தான் எழுதினாள். அதில் பொய்யில்லை. அன்றைக்கு அவள் விட்ட இரண்டாவது ஓட்டை அது. முதல் ஓட்டையைப் பார்த்ததும் வெட்கம் வந்தது. இதைப் பார்த்ததும் வந்தது வேறு என்னமோ. அடிவயிற்றிலிருந்து கிளம்பி உதட்டோரத்தில் நின்றது.

"பொருந்துது அண்ணி" என்றாள்.

"திருத்த மாட்டியே?"

"இதுல என்ன தப்பு இருக்கு திருத்த?"

அண்ணி கம்பியை மேசையில் போட்டுவிட்டுக் கட்டுமானப் பிரிவுக்கு ஓடினாள். அவள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. ரம்பம் நின்றது. முதலாளியம்மா விருந்தாளிகளை வாசல்வரை கொண்டுபோய் விடத் திரும்பியபோது, கையில் பசையும் தலையில் மரத்தூளுமாகப் பதினான்கு பெண்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் ரம்பக்காரரின் தலையும் தெரிந்தது.

"என்ன கூட்டம் இது?" என்றார் முதலாளியம்மா.

"பொருந்துறவங்க மேடம்" என்றாள் டிகிரி.